பூச் சம்படமும் இலைச் சம்படமும்

போன மாதம் நம் பழைய மாணவியர் கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி சொன்னாள்: "என்ன இருந்தாலும் மக்களாட்சியை விட நல்லது ஒண்ணு இன்னும் வரலை, இல்லையா?" நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். நான் ஆட்டவில்லை. உடனே என்மேல் பாய்ந்தீர்கள். உனக்கு ராஜா வேண்டுமா, ஜமீன் வேண்டுமா, பட்டாளத்துக்காரன் வேண்டுமா என்று ஆளுக்கொரு கேள்வி. எனக்குத் தென்காசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆனால் வந்த பதிலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மறுபடி பாயுங்கள்.

எனக்கு ராஜா வேண்டாம். ஆனால் நீங்கள் எல்லாரும் மக்களாட்சியைத் தூரத்தில் நின்று கும்பிட்டவர்கள். நான் அதற்குள்ளேயே குடியிருந்தவள். ஒரு சாரல் காலம் முடிகிறவரை எங்கள் வீட்டில் அதுதான் ஆட்சி.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஐம்பதுகளின் பிற்பாதியில் ஒரு தேர்தல். ராயகிரிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அவரை ஓட்டுச்சாவடி வேலைக்கு அனுப்பினார்கள். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டிமேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். முத்திரை குத்துவதெல்லாம் பிறகு வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும்.

அப்பா திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். காலைக் கழுவக்கூட இல்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "பண்ணையாரும் அவருகிட்ட ஏர் பிடிக்கவனும் ஒரே வரிசை. ஏர் பிடிக்கவன் முன்னால நிக்கான். பண்ணையாரு பின்னால நிக்காரு. அவன் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு!"

அந்தக் காட்சியை நானும் நம்புகிறேன். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு தகரச் சம்படங்களை எடுத்தார். ஒன்றில் கருப்பட்டி இருந்தது, மற்றதில் கொத்தமல்லி. கழுவிக் காயவைத்து, ஒன்றில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு பூ வரைந்தார், மற்றதில் ஓர் இலை. பூ என்றால் வேண்டும், இலை என்றால் வேண்டாம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அதற்காகத்தான் படம். இரண்டையும் அரங்கு என்கிற இருட்டு உள்ளறைக்குள், நெல் குதிருக்குப் பக்கத்தில் வைத்தார். ஆளுக்கொரு புளியங்கொட்டை. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். சத்தத்தை வைத்து யார் எதில் போட்டார் என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்று, அடியில் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்திருந்தார். வெளியே வந்ததும் விரல் நுனியில் அவருடைய பேனா மை. அந்த மை வாசனையும் சம்படத்திலிருந்து வந்த கொத்தமல்லி வாசனையும் எனக்கு இன்றைக்கும் சேர்ந்தேதான் வரும்.

அப்பா தலைவர். தலைவருக்கு ஓட்டு இல்லை. கருத்துச் சொல்லவும் கூடாது. மற்றபடி அம்மா, சித்தப்பா, அக்கா, நான், இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி, எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று.

சித்தப்பா ஆட்சேபித்தார். "பல்லு மொளைக்காத பயலுக்கும் எனக்கும் ஒரே ஓட்டா அண்ணே?"

"அவனும் இந்த வீட்லதானலே சோறு திங்கான்" என்றார் அப்பா.

"நான் சித்தப்பாவ விடக் கொஞ்சந்தான் திங்கேன்" என்றான் தம்பி.

முதல் ஓட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு இட்லியா தோசையா என்பதற்கு. தோசைக்குப் பூ. பூவில் நான்கு கொட்டை, இலையில் ஒன்று. இலையில் போட்டது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்து தின்றோம். அப்பா சந்தோஷமாக, "பெரும்பான்மை!" என்றார். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இட்லியே கிடையாது. சுடுகிறவளுக்கும் ஒரு கொட்டை, தின்கிறவனுக்கும் ஒரு கொட்டை. எனக்கு அப்போது இது உறைக்கவில்லை. நெய் ஊற்றிய முறுகல் தோசை அது.

பிறகு தம்பியின் சேவல். கழுத்தில் செம்பட்டை ரோமம், ஒற்றைக் கண். தம்பி கூப்பிட்டால் பள்ளிக்கூட வாசல்வரை பின்னாலேயே போகும். அப்பாவின் சிநேகிதர் சாப்பிட வருகிறார் என்று, அடிப்பதா வேண்டாமா என ஓட்டு வைத்தார்கள். பூவில் மூன்று, இலையில் இரண்டு. இலையில் போட்டது தம்பியும் அக்காவும். அக்கா அதை எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் எதில் போட்டேன் என்று கேட்காதீர்கள், அது ரகசிய ஓட்டு. தம்பி அன்றைக்குக் கறிச்சட்டிக்கு முன்னால் நின்று கேட்டான்:

"எல்லாரும் சொல்லிட்டா சரியாப்பா?"

"சரிதாண்டா. அதுக்குப் பேருதான் ஜனநாயகம்."

அவன் அன்றைக்கு அக்கா மடியில் படுத்துத் தூங்கினான். அவனுக்குச் சோறு ஊட்டுவது, சட்டைக்குப் பொத்தான் தைப்பது எல்லாம் அவள்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாரல் தொடங்கியதும் ஆலங்குளத்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். வருஷா வருஷம் குற்றால சீசன் முடிகிறவரை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அருவியில் குளித்தால் முட்டிவலி போகும் என்பாள். அவள் மகன் ஆலங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தான்.

அந்த வருஷம் அக்கா பள்ளியிறுதி பாஸ் பண்ணியிருந்தாள். பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெய்னிங்குக்கு இடமும் கிடைத்திருந்தது. தெருவிலேயே முதல் பெண். சாரலில் துணி காயாது, கரிச்சட்டிமேல் கூடையைக் கவிழ்த்துத்தான் காயவைப்போம். அக்கா தன் இரண்டு தாவணிகளையும் அப்படிக் காயவைத்து, புகை வாசனையோடு மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டாள். போகிற நாள் தெரியாமலே அடுக்கினாள்.

அத்தை பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. தன் மகனுக்கு அக்காவைக் கட்டவேண்டும், அதுவும் தை பிறந்ததும்.

"ஏலே தம்பி, பொட்டப்பிள்ளைய ஆஸ்டல்ல விட்டுட்டு நீ இங்கன நிம்மதியாத் தூங்குவியா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பாவுக்கு அக்கா படிக்க வேண்டும் என்றுதான் ஆசை. எனக்கு நன்றாகத் தெரியும். இடம் கிடைத்த அன்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் மூத்தவளிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. சம்படத்தை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழம ஓட்டு வைப்போம். எல்லாரும் சேந்து முடிவு பண்ணட்டும்."

"அத்தைக்கு எதுக்கு ஓட்டு? அவுங்க விருந்துக்குத்தான வந்திருக்காங்க" என்றேன் நான்.

"இந்தக் கூரைக்கடியில படுக்குற எல்லாருக்கும் ஓட்டு உண்டு."

"ஏட்டி, என்ன வாய் இது!" என்று அத்தை என் காதைத் திருகினாள்.

ஓட்டுக்கு முன்னால் பேச்சு. அத்தை, தன் மகனைப் போல ஒருத்தன் ஆலங்குளத்திலேயே இல்லை என்றாள். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இவ டீச்சராகிச் சம்பளம் வாங்க ஆரம்பிச்சா, இந்த வீட்ல என்ன எவன் மதிப்பான்?" என்றார். அவர் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார். வெகு காலமாகவே தேடிக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் மதிச்சிக் கவுத்துட்டாவளாக்கும்" என்றாள் அத்தை. அவள் கட்சிக்காரரைத்தான் அப்படிச் சொன்னாள்.

அம்மாவைப் பேசச் சொன்னார்கள். "எனக்கென்ன தெரியும்" என்று அப்பா முகத்தையே பார்த்தாள். அப்பா தலைவர் அல்லவா, முகத்தைச் சுவர் மாதிரி வைத்திருந்தார். கடைசியாக அக்கா எழுந்தாள். "எனக்குப் படிக்கணும்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா படிக்கப் போகட்டும் என்றால் பூ. கொட்டிப் பார்த்தால் பூவில் மூன்று, இலையில் மூன்று. அக்கா, நான், தம்பி ஒரு பக்கம். மற்ற மூன்று பேர் எதிர்ப் பக்கம்.

சித்தப்பா விடவில்லை. "சமமா வந்தா தலைவருக்கு ஒரு ஓட்டு உண்டுல்லா அண்ணே? போடுங்க."

அப்பா ஒரு புளியங்கொட்டையை எடுத்தார். எல்லாரும் அவர் கையைப் பார்த்தோம். அக்கா மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே சாரல் கூரை ஓட்டின்மேல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. அப்பா கொட்டையை உள்ளங்கையில் உருட்டினார். ஒருமுறை அத்தையைப் பார்த்தார், ஒருமுறை அக்காவை. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவசரப்பட வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி வைப்போம்."

நான் மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவரைப் பிடித்தேன். "அப்பா, அக்கா படிக்கணும்னுதான ஒங்களுக்கு ஆசை?"

"ஆமா."

"அப்பம் அதச் சொல்லுங்க."

"நான் சொன்னா அது சர்வாதிகாரம்லாட்டீ" என்றார், குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி. தன் தோள் நனைவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அப்பா நல்லவர். தொல்லையே அதில்தான் இருந்தது.

நான் பிரசாரத்தில் இறங்கினேன். அம்மாவிடம் போனேன். அம்மிக்கு முன்னால் இருந்தாள். "ஒங்கப்பா மனசுல என்ன இருக்குன்னு தெரியலயே. அவரு வாயத் தொறக்க மாட்டேங்காரு. நான் பாட்டுக்குப் பூவுல போட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். அப்பாவின் ஆசையை நான் எடுத்துச் சொன்னேன். "அவரு சொல்லட்டும்" என்றாள்.

தம்பியின் ஓட்டு நம் பக்கம்தான் என்றாலும், காபந்து பண்ண வேண்டாமா? என்னிடம் ஒரு பியூஸ் போன பல்பு இருந்தது. அடியைத் தட்டித் தண்ணீர் நிரப்பி, அதற்கு முன்னால் பிலிம் துண்டைப் பிடித்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால் சுவரில் படம் விழும். தென்காசியில் அன்றைக்கு அது பெரிய சொத்து. அதை அவனிடம் கொடுத்தேன். "அக்காவுக்குத்தான போடுவ?" "சத்தியமா" என்றான். வெயில்தான் இல்லை, பல்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

அந்த வாரத்தில் அத்தை எங்கள் இருவரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அருவிச் சத்தம் நெஞ்சில் இடித்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகள், வழுக்குகிற பாறை, சீயக்காய் நுரை, முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு. அத்தை பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்து நின்றாள். அந்தத் தண்ணீருக்கும் அவளைச் சாய்க்க முடியவில்லை. குளித்து முடித்ததும் கூடைக்காரியிடம் மங்குஸ்தான் பேரம் பேசி வாங்கினாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நெரித்து உடைத்து, வெள்ளைச் சுளையை எடுத்துத் தம்பி வாயில் வைத்தாள். அப்புறம்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏலே, அக்கா பாளையங்கோட்டைக்குப் போய்ட்டான்னா ஒனக்கு யாரு சோறு ஊட்டுவா?"

தம்பி மெல்வதை நிறுத்தினான்.

"படிச்சி முடிச்சதும் வேலன்னு எங்கனயாவது கண்காணாத ஊருக்குத் தூக்கிப் போட்ருவான். நீ பாக்கவே முடியாது. ஆலங்குளம்னா? பஸ்ஸுல ஏறுனா வந்துரலாம். கடைல முட்டாயி பாட்டில் பாட்டிலா இருக்கு. நீ வந்து ஒங்கக்கா பக்கத்துல ஒக்காந்துக்க."

"அத்தை, ஏமாத்தாதிய" என்றேன்.

"நான் என்னட்டி ஏமாத்துனேன்? ஆலங்குளத்துக்குப் பஸ் இல்லயா? கடைல முட்டாயி இல்லயா?"

இரண்டும் இருந்தன. அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. தம்பி அக்காவின் மேலிருந்த பிரியத்தால்தான் மனசு மாறினான். அவனுடைய பிரியத்தையே பிடித்துத் திருப்பிவிட்டாள், பல்பில் வெயிலைத் திருப்புகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை. தம்பி அரங்குக்குள் போய்விட்டு வந்து விரலை நீட்டினான். மங்குஸ்தான் தோலின் கறை அதில் அப்படியே இருந்தது. அப்பா அதன்மேல் மை வைத்தார். கறை எது, மை எது என்று தெரியவில்லை.

பூவில் இரண்டு. இலையில் நான்கு.

யாரும் கத்தவில்லை. கள்ள ஓட்டு இல்லை, மிரட்டல் இல்லை, எண்ணிக்கையில் பிசகு இல்லை. அப்பா இரண்டு தடவை எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ண ஆரம்பித்தார். அக்கா எழுந்து அவர் கையிலிருந்து சம்படங்களை வாங்கினாள். கிணற்றடியில் வைத்துப் பூவையும் இலையையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஒன்றில் கருப்பட்டியை நிரப்பினாள், ஒன்றில் கொத்தமல்லியை. பிறகு பெட்டியைத் திறந்து தாவணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். கொடி காலியாக இல்லை. மற்ற துணிகளை ஒதுக்கிவிட்டுத்தான் போட்டாள்.

மறுநாள் வெயில் அடித்தது. தம்பி சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தான். பல்பைத் திருப்பித் தா என்று அவன் தலையில் குட்டினேன்.

"குடுத்தது குடுத்ததுதான்" என்றான். அந்த வயதிலேயே இரண்டு கட்சியிலும் வாங்கப் பழகிவிட்டான்.

சீசன் முடிந்ததும் அத்தை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். அவள் போட்ட கொட்டை மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. தை பிறந்ததும் அக்காவும் ஆலங்குளத்துக்குப் போனாள். மாப்பிள்ளை கெட்டவரில்லை. அக்கா கடையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மிட்டாய் வாங்க வரும் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்பாளாம். சரியாகச் சொன்னால் ஒன்று கூட. தேர்தல் வந்தால் கடையை அடைக்க மாட்டாள், ஓட்டுப் போடவும் போகமாட்டாள். கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், "எங்க வீட்லயே போட்டாச்சு அண்ணாச்சி" என்பாள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வீடு வேறு, நாடு வேறு. மக்களாட்சி என்றால் பேசி முடிவெடுப்பது, எண்ணிப் பார்ப்பது அல்ல. நம்மில் பாதிப் பேர் டீச்சராக இருந்தவர்கள், இதை அழகாகச் சொல்வீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். பேசுவது கஷ்டம், எண்ணுவது சுலபம். ஒரு வீட்டில் இரண்டும் இருந்தால் எது நிற்கும்? யாருடைய வாழ்க்கையோ, அவளுக்கும் ஒரு கொட்டை; சாரலுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவளுக்கும் ஒரு கொட்டை. இதைச் சமத்துவம் என்று சொல்ல என் நாக்குப் புரளாது. ராஜா தப்புப் பண்ணினால் திட்டுவதற்காவது ஓர் ஆள் இருக்கிறான். அக்காவின் படிப்பை நிறுத்தியது யார்? அத்தையைக் கேட்டால் நான் ஒரு ஓட்டுத்தானே போட்டேன் என்பாள். சித்தப்பாவும் அதையேதான் சொல்வார். தம்பிக்கு எதில் போட்டான் என்றே நினைவில்லை. நான் யார் மேல் மண்ணை வாரி இறைப்பது?

அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம், நாங்கள் ஆலங்குளத்தில் இருந்தோம். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஒங்கப்பா ஒரு வார்த்த, 'பிள்ள போட்டும்'னு சொல்லிருந்தா நான் மாட்டேம்னா சொல்லப்போறேன்? ஒங்க அத்தைகூட மொனங்கிட்டுப் போயிருப்பா. அவரு எங்கிட்டக் கேக்கவே இல்லயே. சம்படத்தயில்லா நீட்டுனாரு."

அறுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் பண்ணினால் பிழைக்கலாம், பண்ணும்போதே போகவும் செய்யலாம் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லாரும் கூடினோம். அம்மா, நான், மீசை முளைத்திருந்த தம்பி. அக்கா கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஆலங்குளத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். வயிற்றில் ஈரத்துண்டு.

"நீங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

"சம்படத்த எடுக்கவா?" என்றான் தம்பி. விளையாட்டாகத்தான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி வைத்தாள்.

"ஓட்டெல்லாம் வேண்டாம்ப்பா. ஒடம்பு ஒங்களுக்கு. வலி ஒங்களுக்கு. நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன வேணும்?"

அவளிடம் அவர் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. உண்மையாகவே கேட்டாள், பதிலுக்குக் காத்தும் இருந்தாள்.

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. பிறகு தம்பியின் முகத்தை. மறுபடி அம்மாவிடம் வந்தார். கண் மெதுவாக, ஒவ்வொருவரிடமும் நின்று நின்று போனது. எனக்கு முதலில் புரியவில்லை. பயத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது.

எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.